ஆண்டறிக்கையில் நான் தேடும் மூன்று தேதிகள்

டிசம்பர் நடுவில் கட்டுமான விடுமுறைக்காக சைட்டுகளைப் பூட்டுவதற்கு முன்னால், எங்கள் தொழில் சார்ந்த சங்கங்களின் ஆண்டறிக்கைகள் வந்து சேரும். அரசுக்குக் கொடுத்த மனுக்கள், அமைச்சருடன் நடந்த சந்திப்பு, முடிவுக்கு வந்த ஊதியப் பேச்சுவார்த்தை, பயிற்சி வகுப்புகள், பாதுகாப்பு விருதுகள் என்று பட்டியல் நீளும். தலைவர் உரை இருக்கும், படங்கள் இருக்கும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் உட்கார்ந்து படிப்பேன். படித்து முடித்த பிறகும் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும். இது பல வருடத்து உறுத்தல். நண்பர்களிடம் பேசியும் தீரவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், ஒரு சின்ன சிவில் ஒப்பந்த நிறுவனத்தில் அளவெடுப்பு, மதிப்பீடு, பில் போடுவது எல்லாம் என் வேலை. பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். மழைநீர் வடிகால், சாலையோரக் கல், தாங்குசுவர், குழாய் பதிப்பு, சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சின்னச் சின்ன கல்வெர்ட்டு, இவைதான் நாங்கள் செய்வது. கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியமான சிஐடிபியின் பதிவில் எங்களுக்கு ஐந்தாம் நிலை. அதாவது ஒரு கோடி ராண்ட் வரைக்குமான வேலைக்குத்தான் நாங்கள் நேரடியாக டெண்டர் போடலாம். ஒன்பதாம் நிலையில் இருப்பவர்களுக்கு உச்சவரம்பே கிடையாது. ஆகவே பெரிய வேலை என்றால் அவர்களுக்குக் கீழே துணை ஒப்பந்தம் எடுத்துத்தான் போவோம். முதலாளி இங்கேயே பிறந்து வளர்ந்த நான்காம் தலைமுறைத் தமிழர். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். என்னைத் தம்பி என்று கூப்பிடுவார், நான் மாமா என்பேன். வீட்டில் பிள்ளைகளோடு இங்கிலீஷ்தான். எனக்காகவே பழைய தமிழைத் தேடி எடுத்துப் பேசுவார்.

மாமா ஆண்டறிக்கையைப் படிக்கமாட்டார். என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். அவருடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "நம்ம பில்லு எத்தன நாள்ல வரும்னு எழுதியிருக்காங்களா தம்பி?"

எழுதியிருக்கமாட்டார்கள். அந்தக் கேள்விதான் என் உறுத்தல்.

கொத்தனார்களின் ஊர்

தென்னாப்பிரிக்காவில் சிவில் ஒப்பந்தக்காரர்களின் பெரிய அமைப்பு சாஃப்செக். 1939 முதல் இருந்துவருகிறது. சிவில் துறைக்கான கூட்டுப் பேரப் பேச்சுக் குழுவில் முதலாளிகள் தரப்பில் உட்கார்ந்து தொழிற்சங்கங்களோடு சம்பளம் பேசுவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அங்கே போடும் ஒப்பந்தத்தைத் தொழிலாளர் துறை அமைச்சர் துறை முழுவதற்கும் நீட்டிக்கும்போது, உறுப்பினர் அல்லாத நிறுவனத்தையும் அது கட்டும். இதைச் சுமை என்று சொல்லும் சிறு ஒப்பந்தக்காரர்கள் பலரை எனக்குத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆளுக்கு நியாயமான கூலி கொடுத்து டெண்டர் போடுகிறவனை, கூலியில் கை வைத்து விலையைக் குறைக்கிறவன் தோற்கடிக்கக் கூடாது என்றால் அடியில் ஒரு தளம் வேண்டும். அதை யாராவது உட்கார்ந்து பேசித்தான் போடவேண்டும்.

1939 என்றதும் என் நினைவு வேறு பக்கம் ஓடுகிறது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே, டர்பன் இருக்கும் நட்டாலில் நம் ஆட்கள் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். கிஸ்தப்பா ரெட்டி, கொத்தனார் ராமசாமி பிள்ளை போன்றவர்கள் எழுப்பிய கோயில்கள் இன்னும் நிற்கின்றன. செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் வைத்துக்கொண்டு, ஊரில் பார்த்த கோபுரத்தை நினைவிலிருந்து கட்டியிருக்கிறார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் எம்பெருமாள் கோயிலுக்குப் போகும் போதெல்லாம் சுவரின் நேர்த்தியைத் தடவிப் பார்ப்பது என் வழக்கம். அதே ஊரில், எண் 2 நெடுஞ்சாலைச் சந்திப்பில், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளப் பாலம் ஒன்றைத் துண்டு துண்டாக வார்த்து, பின்னாலிருந்து தள்ளித் தள்ளி முன்னே கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்தக் கோயிலுக்கும் இந்தப் பாலத்துக்கும் நடுவே இருக்கும் நூறு வருடத்தில், பெரிய சாலைகளும் அணைகளும் பாலங்களும் வெள்ளையர் நிறுவனங்களின் கையில் இருந்தன. மாமாவின் அப்பா போன்ற கொத்தனார்களுக்குக் கிடைத்தது பக்கத்து வீட்டுச் சுவரும், கோயில் மடப்பள்ளியும், இனவாரிக் குடியிருப்புப் பகுதிச் சட்டத்தால் சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தப்பட்ட பிறகு அந்தச் சின்ன வீடுகளுக்குப் பின்னால் சேர்த்துக் கட்டும் அறைகளும்தான். கையில் வித்தை இருந்தது. ஒப்பந்தமும் வங்கிக் கடனும் இல்லை. நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகுதான் மாமா வேலையை நிறுவனமாகப் பதிவு செய்து பொதுப்பணி டெண்டருக்கு வந்தார். சங்கம் என்ற சொல்லை அவர் சந்தேகத்தோடு கேட்பதற்கு இப்படி ஒரு பின்கதை உண்டு.

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது நாடே அறிந்தது. 2010 உலகக் கோப்பைக்காக மைதானங்களும் சாலைகளும் எழுந்த காலத்தில், பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் கூடிப் பேசி டெண்டர்களைப் பங்கு போட்டுக்கொண்டன. 2013இல் 15 நிறுவனங்கள் போட்டி ஆணையத்திடம் சமரசம் செய்து மொத்தம் 146 கோடி ராண்ட் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. 2016இல் ஏழு பெரிய நிறுவனங்கள் அரசோடு இன்னொரு உடன்பாட்டுக்கு வந்து, 12 ஆண்டுகளில் 150 கோடி ராண்ட் ஒரு நிதிக்குத் தருவதாகவும், கறுப்பின உரிமையாளர்களின் நிறுவனங்களை வளர்த்துவிடுவதாகவும் கையெழுத்திட்டன. அப்புறம் நடந்ததுதான் வேதனை. 2018 ஜூனில் பேசில் ரீட், 2019 மார்ச்சில் குரூப் ஃபைவ் என்று, ஏழில் இரண்டு நிறுவனங்கள், கடனை அடைக்க முடியாமல், திவாலிலிருந்து காக்கும் சட்டப் பாதுகாப்புக்குப் போயின. பெரிய மரம் சாயும்போது அடியில் இருப்பதெல்லாம் நசுங்கும். அந்த மாதிரி ஒரு நிறுவனம் விழுந்தால், அதற்கு வேலை செய்து பில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் துணை ஒப்பந்தக்காரர், அடமானம் வைத்திருக்கும் வங்கிகளுக்கெல்லாம் பின்னால் வரிசையில் நிற்கவேண்டியதுதான். அவர் முறை வரும்போது ராண்டுக்குச் சில சென்ட் மிஞ்சினால் பெரிய விஷயம்.

வாசலில் வந்து நிற்கிறவர்கள்

டர்பனில் சிவில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்குக் கான்கிரீட் லாரி வந்து நிற்கும். பின்னாலேயே இரண்டு பக்கிகள், அதாவது பின்பக்கம் திறந்த சின்ன வண்டிகள். ஆட்கள் இறங்கி வாசலில் நிற்பார்கள். சத்தம் போடமாட்டார்கள். யார் இங்கே பொறுப்பு என்று கேட்பார்கள். வேலையில் 30 விழுக்காடு உள்ளூர் ஆட்களுக்கு என்று சட்டம் இருக்கிறது, அந்த 30 எங்களுக்கு, வேலை செய்ய ஆள் தருகிறோம் அல்லது பணமாகக் கொடு என்பார்கள். லாரிக்குள் கான்கிரீட் சுற்றிக்கொண்டிருக்கும், நேரம் போகப் போக இறுகும். அது அவர்களுக்கும் தெரியும்.

2014, 2015 வாக்கில் டர்பனின் உம்லாசி, குவாமாஷு பக்கம் தொடங்கி நாடு முழுவதும் பரவிய பழக்கம் இது. 2017இல் வந்த கொள்முதல் விதிகளில் பெரிய ஒப்பந்தங்களில், முடிந்த இடத்தில், 30 விழுக்காடு துணை ஒப்பந்தம் கொடுக்கவேண்டும் என்று இருந்ததை இவர்கள் தங்கள் உரிமைச் சீட்டாகக் காட்டினார்கள். அந்த விதிகள் போய், 2023 ஜனவரியில் புது விதிகள் நடைமுறைக்கு வந்தன. 30 என்ற எண் மட்டும் வாசலை விட்டுப் போகவில்லை. 183 திட்டங்கள், 6,300 கோடி ராண்டுக்கும் மேல் மதிப்புள்ளவை, பாதிக்கப்பட்டதாக ஒரு கணக்கு 2019 முதல் சொல்லப்படுகிறது. கிழக்குக் கேப்பில் எம்டென்ட்டு ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேல் கட்டத் தொடங்கிய பெரும் பாலத்தை, உள்ளூர்க் கலவரத்தால் 2019 தொடக்கத்தில் ஒப்பந்தக்காரர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அதற்கு மறுபடியும் டெண்டர் போடவேண்டி வந்தது.

இங்கே சங்கத்தின் பங்கை நான் மதிக்கிறேன். தனியாக நிற்கும் ஒப்பந்தக்காரரால் போலீசில் புகார் கொடுக்க முடியாது. கொடுத்தால் மறுநாளும் அவர் அதே சைட்டுக்குத்தான் வரவேண்டும். சாஃப்செக் 2019இல் எல்லோர் சார்பிலும் அரசிடம் வெளிப்படையாக முறையிட்டது. அதற்குப் பிறகுதான் இது சில ஒப்பந்தக்காரர்களின் தொல்லை என்பது போய் நாட்டின் பிரச்சினையாகப் பேச்சுக்கு வந்தது. 2024 நவம்பரில் டர்பனிலேயே தேசிய மாநாடு கூடி, பொதுப்பணி அமைச்சர் டீன் மெக்ஃபர்சன் முன்னிலையில் டர்பன் பிரகடனம் கையெழுத்தானது. இது ஆண்டறிக்கையில் வரவேண்டிய சாதனைதான், வரட்டும். ஆனால் மாமா கேட்பார், "சைன் போட்ட பேனாவ வச்சு பக்கிய நிறுத்த முடியுமா?" வாசலுக்கு வரும் பக்கிகளின் எண்ணிக்கை குறைந்ததா என்பதை அதே அறிக்கை அடுத்த வருடம் சொன்னால்தான் அவர் நம்புவார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

டீசலும் ஒரு தொலைபேசி அழைப்பும்

சங்கங்களைப் பற்றி நான் நினைப்பதை ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது 2022. அந்த ஏப்ரலில் வந்த வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். குவாசூலு-நட்டாலில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டோங்காட்டில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமே சிதைந்து, மாதக்கணக்கில் மக்கள் லாரித் தண்ணீரில் காலம் தள்ளினார்கள். 1905 வெள்ளம் உம்பிலோ ஆற்றங்கரை அம்பலவாணர் கோயிலை அடித்துக்கொண்டு போனதையும், 1947இல்தான் அதைக் கேட்டோ மேனரில் திரும்பக் கட்டியதையும் வயதானவர்கள் அப்போது பேசிக்கொண்டார்கள். ஊரெங்கும் சரிந்த கரை, உடைந்த கல்வெர்ட்டு. எங்கள் மாதிரி ஆட்களுக்கு வேலை குவிந்த நேரம் அது.

அந்த நேரத்தில்தான் எங்கள் நிறுவனம் மூழ்கப் பார்த்தது. 2021 விலையில் எடுத்த ஒரு துணை ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தது. தாங்குசுவர், வடிகால், அதற்கான மண் வேலை. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு டீசல் விலை ஏறிக்கொண்டே போய், வருட நடுவில் மொத்த விலையே லிட்டருக்கு 24 ராண்டைத் தாண்டியது. மண் வேலையில் டீசல்தான் ரத்தம். ஜேசிபி, டிப்பர், ரோலர் எல்லாம் குடிப்பது அதுதான். கம்பி விலையும் ஏறியது, சிமென்ட் விலையும் ஏறியது. முதன்மை ஒப்பந்தக்காரரிடம் போய்க் கேட்டால், உங்கள் விலை நிலையான விலை, ஏற்றம் எதுவும் கிடையாது என்றார்கள். யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. இந்தத் தொழிலில் அது ஒருவர் மட்டும் சொல்லும் பதில் அல்ல. மாமா அந்த வேலையை விட்டுவிடத் தீர்மானித்துவிட்டார். விட்டால் அபராதம், உத்தரவாதத் தொகை போகும், தொடர்ந்தால் மாதா மாதம் கைக்காசு போகும். எவ்வளவு போனால் வீடு தப்பும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் உறுப்பினராக இருந்த ஒரு சங்கத்துக்கு நான் தொலைபேசியில் பேசினேன். பெரிதாக நம்பிக்கை இல்லை. ஒப்பந்த விவகாரங்களைப் பார்க்கும் ஓர் அம்மா எடுத்தார். நான் கதையைச் சொல்லத் தொடங்கியதும், கதை அப்புறம், துணை ஒப்பந்தத்தில் முதன்மை ஒப்பந்த நிபந்தனைகள் எந்த வரியில் இணைக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்டார். எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தையும் பின்னிணைப்பையும் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அன்று சாயங்காலமே திரும்பக் கூப்பிட்டார். முதன்மை ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் எல்லாம் உங்களுக்கும் பொருந்தும், பின்னிணைப்பில் மாற்றியவை தவிர என்று எழுதியிருக்கிறது. பின்னிணைப்பில் பணம் தரும் கால அளவை மாற்றியிருக்கிறார்கள், பில்லிலிருந்து பிடித்துவைக்கும் பிடித்தத் தொகையை மாற்றியிருக்கிறார்கள். விலைச் சரிக்கட்டுதலைத் தொடவே இல்லை. ஆகவே அது உங்களுக்கும் உண்டு. நிலையான விலை என்று வாயால்தான் சொல்கிறார்கள், தாளில் இல்லை என்றார்.

விலைச் சரிக்கட்டுதல் என்பது இங்குள்ள பொது ஒப்பந்த நிபந்தனைகளில் இருக்கும் ஒரு சூத்திரம். கூலி, இயந்திரம், பொருள், எரிபொருள் என்று நான்கு பங்காக வேலையைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுப்பார்கள். நான்கும் சேர்ந்தால் ஒன்று. டெண்டர் முடிவதற்கு முந்தின மாதத்துக் குறியீட்டு எண் அடிப்படை. வேலை செய்த மாதத்துக் குறியீட்டை அதனால் வகுத்து, எடையால் பெருக்கி, நான்கையும் கூட்டி, ஒன்றைக் கழிக்கவேண்டும். கடைசியில் பத்தில் ஒரு பங்கை ஒப்பந்தக்காரர் தாங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். உதாரணத்துக்கு எரிபொருளின் எடை 0.15 என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் 45 விழுக்காடு ஏறினால், ஆறு லட்சம் ராண்ட் பில்லுக்கு எரிபொருளுக்கு மட்டும் 36,450 ராண்ட் கூடுதலாக வரவேண்டும். மற்ற மூன்றும் தனி. குறியீட்டு எண்களை மத்தியப் புள்ளியியல் துறை வெளியிடுகிறது. அவற்றை மாதா மாதம் திரட்டி, ஒப்பந்தக்காரர் அப்படியே எடுத்துப் போடும் வடிவில் சாஃப்செக் கொடுக்கிறது. யாரும் மேடையில் கைதட்டாத வேலை. அந்த வருடம் எத்தனை நிறுவனங்கள் அந்த அட்டவணையைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த அம்மா கடிதத்துக்கு ஒரு வாசகம் சொன்னார். இரண்டே பத்தி. குற்றச்சாட்டு இல்லை, கெஞ்சல் இல்லை, விதி எண்ணும் கணக்குத் தாளும் மட்டும். நான் தயாரித்த தாளை மாமா முன்னால் விரித்து வைத்தேன். ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, இது என்ன, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். டீசல் வரிக்கு வந்ததும் விரலை எடுக்கவில்லை. "இவ்வளவு நாளா இது பேப்பர்ல இருந்திச்சா?" என்றார். இருந்தது. அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதும் இருந்தது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. முந்தின வேலைகளை எல்லாம் மனதுக்குள் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்.

முதன்மை ஒப்பந்தக்காரர் இழுத்தடித்தார், ஆனால் கொடுத்தார். மறுக்கத் தாளில் இடமில்லை. அந்தப் பணத்தில்தான் டிசம்பர் வரை ஆட்களைக் கழற்றிவிடாமல் வைத்திருக்க முடிந்தது. அந்த வருட ஆண்டறிக்கை வந்ததும் முதலில் அந்த அம்மாவைத்தான் தேடினேன். உறுப்பினர் சேவைகள் என்ற தலைப்பின் கீழ், ஒப்பந்த ஆலோசனை வழங்கப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. அதற்குப் பக்கத்துப் பக்கத்தில் ஓர் இரவு விருந்தின் முழுப் படம்.

என் உறுத்தலுக்கு அப்போதுதான் உருவம் கிடைத்தது. சங்கங்கள் ஒன்றும் செய்வதில்லை என்பது உண்மை அல்ல. அவை செய்வதிலேயே மிகப் பெரியது அறிக்கையில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது, சுலபமாகப் படம் எடுக்க முடிந்தது பெரிதாகிவிடுகிறது. எத்தனை கூட்டம் என்பதைச் சங்கத்தின் வேலையாக எண்ணுகிறார்கள். எத்தனை நிறுவனம் பிழைத்தது என்பதை எண்ணுவதில்லை. எண்ணாததற்கு அடுத்த வருடம் ஆளும் போடமாட்டார்கள், பணமும் ஒதுக்கமாட்டார்கள். அந்த அம்மாவுக்கு ஓர் உதவியாளர் வேண்டும் என்று யார் கேட்பார்கள்?

பில், சான்றிதழ், காசு

அரசு நிறுவனங்கள் பில் வாங்கிய 30 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று பொது நிதி மேலாண்மை விதிகள் சொல்கின்றன. உள்ளாட்சிகளுக்கான நிதிச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. புதிதாகச் சட்டம் கேட்கவேண்டிய அவசியமே இல்லை, இருப்பதே போதும். கட்டுமானத்தில் பணத்தை நேரத்துக்குக் கொடுப்பதற்கென்று தனி விதிகளின் வரைவு ஒன்றும் 2015இல் அரசிதழில் வந்தது. அப்புறம் வருடங்கள் ஓடிவிட்டன. எங்கள் கையில் இருந்த வேலைகளில், ஒரு பில்லுக்கு மூன்று மாதம் தாண்டியும் காத்திருந்திருக்கிறோம். துணை ஒப்பந்தம் என்றால் இன்னும் மோசம். எங்களுக்கு வந்தால் உங்களுக்குத் தருவோம் என்ற ஒரு வரியைப் போட்டுவிடுவார்கள். மேலே அலுவலகத்தில் ஒருவர் லீவில் போனால் கீழே சாட்ஸ்வொர்த்தில் எட்டுப் பேருக்கு வெள்ளிக்கிழமைச் சம்பளம் தள்ளிப்போகும். இதற்கு மேல் பிடித்தத் தொகை வேறு. வேலை முடிந்த பிறகும் குறை தீர்க்கும் காலம் முடியும் வரை அதில் ஒரு பாதி அங்கேயே கிடக்கும். பல சின்ன நிறுவனங்களுக்கு அந்த வருடத்து லாபம் முழுவதும் அதுதான்.

காசு வராத சைட்டில் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். முட்டுக் கொடுக்கும் கம்பங்கள் வாடகைக்கு எடுத்தவை. வாடகை கட்ட முடியாவிட்டால், கான்கிரீட் இறுகுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே கழற்றலாமா என்ற பேச்சு வரும். பாதுகாப்பு அலுவலரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வரச்சொல்வார்கள். பள்ளத்தின் பக்கச் சுவருக்குப் பலகை அடிக்காமல், சீக்கிரம் குழாயைப் போட்டு மூடிவிடலாம் என்பார்கள். 2013 நவம்பரில் டோங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகம் இடிந்து 2 பேர் இறந்ததற்கும், 2024 மே மாதம் ஜார்ஜ் நகரில் அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 34 பேர் இறந்ததற்கும் காரணங்கள் வேறு. அவற்றை இதில் கொண்டுவந்து முடிச்சுப் போடமாட்டேன். ஆனால் தாமதமான பணம் வெறும் கணக்குப் பிரச்சினை என்று யாராவது சொன்னால், ஒரு நாள் எங்கள் பள்ளத்துக்குள் இறங்கி நின்று பார்க்கட்டும் என்றுதான் சொல்வேன்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில், தலைவர் உரைக்கும் முன்னால், ஓர் அட்டவணை வேண்டும். உறுப்பினர்கள் பில் கொடுத்த தேதி, வேலையைச் சரிபார்த்துப் பொறியாளர் சான்றிதழ் கொடுத்த தேதி, வங்கியில் காசு விழுந்த தேதி. இந்த மூன்றையும் வைத்து, தேசியத் துறைகள், மாகாணத் துறைகள், உள்ளாட்சிகள், தனியார், முதன்மை ஒப்பந்தக்காரர்கள் என்று வகை வகையாக இந்த வருடச் சராசரி நாள் எத்தனை, போன வருடம் எத்தனை என்று போடட்டும். அந்த எண் குறைந்திருந்தால் அதை விடப் பெரிய சாதனை எந்தச் சங்கத்துக்கும் கிடையாது. கூடியிருந்தால், அந்த வருடம் அமைச்சரிடம் என்ன பேசவேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். 2030க்குள் மூலதன முதலீடு நாட்டின் உற்பத்தியில் 30 விழுக்காட்டைத் தொடவேண்டும் என்று தேசிய வளர்ச்சித் திட்டம் எழுதிவைத்திருக்கிறது. நாம் அதில் பாதி அளவில்தான் நிற்கிறோம். நாளைக்கே திட்டங்கள் வந்து குவிந்தாலும், அவற்றைக் கட்ட அதுவரைக்கும் சின்ன நிறுவனங்கள் உயிரோடு இருக்கவேண்டாமா?

இந்த அட்டவணையைத் தனி ஒருவரால் போட முடியாது. என் பில்லை இந்த அலுவலகம் தாமதப்படுத்தியது என்று பெயரோடு சொன்னால் அடுத்த டெண்டரில் என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, மாமாவுக்கும் உண்டு. பெயரை மறைத்து, நூறு பேருடைய தேதிகளை ஒன்றாகக் கலந்து ஓர் எண்ணாக வெளியே வைக்க ஒரு சங்கத்தால் முடியும். சங்கம் என்று ஒன்று எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான் என்பேன்.

இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். இரண்டு சிக்கல் சொன்னார். ஒன்று, உறுப்பினர்களே பில் தேதியை ஒழுங்காக எழுதிவைப்பதில்லை. கொடுத்ததற்கு ரசீது வாங்குவதில்லை, வாட்ஸாப்பில் படம் எடுத்து அனுப்பிவிட்டு அதையே பில் என்கிறார்கள். இரண்டு, சங்கத்தில் இருக்கும் பெரிய நிறுவனங்களே பல நேரம் தாமதமாகப் பணம் கொடுக்கும் முதன்மை ஒப்பந்தக்காரர்கள். அவர்கள் வரிசையும் அட்டவணையில் வரும் என்றால் குழுவில் எதிர்ப்பு வரும். இரண்டாவது சிக்கல் நிஜமானது, பெரியது. அந்த வரிசையை விட்டுவிட்டு அரசைப் பற்றி மட்டும் அட்டவணை போட்டால் பாதி உண்மைதான் வரும், அதற்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் எங்கேயாவது தொடங்கவேண்டும். முதல் வருடம் அரசு வரிசைகளோடு தொடங்கி, துணை ஒப்பந்த வரிசைக்கான தரவையும் கூடவே சேர்த்து வைத்துக்கொள்வோம் என்றார். சரி என்றேன்.

மாமா எங்கள் கோப்புகளைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். பெயர் வராது என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். ஜனவரியில் சைட் திறந்ததும், காவடிக்கு ஆட்கள் விரதம் தொடங்குவதற்கு முன், உட்கார்ந்து தேதிகளைப் பிரித்து எழுதவேண்டும். பழைய பில்களில் ரசீது இல்லாதவற்றை ஒதுக்கிவிடப்போகிறேன். சந்தேகமான தேதி ஒன்று உள்ளே போனாலும் மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள். டர்பனிலோ மாரிட்ஸ்பர்கிலோ ஸ்டேஞ்சரிலோ இந்தத் தொழிலில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள் தங்கள் சங்கத்துக்கு உங்கள் மூன்று தேதிகளையும் எழுதி அனுப்புங்கள். இனிமேல் பில் கொடுக்கும் போது, வாங்கிய தேதியோடு ஒரு கையெழுத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.